தானாக வரும் கை

ஜூலை 6, ஞாயிறு. மாட்டுங்கா, மும்பை.

நெருளிலிருந்து அண்ணா வந்தான். பக்கவாதத்தில் வலது கை விழுந்து கிடக்கும் அப்பாவிடம் போனில் வந்த ஒரு செய்தியைக் காட்டினான். "மூளையில நியூரானுக்குத் துணையா செல்லெல்லாம் இருக்கோல்லியோ, அதுவே புது நியூரானா மாறறதாம்ப்பா. கை தானா வந்துடும், பாருங்கோ."

"அது எலி மூளையில பார்த்தது, அண்ணா."

"உனக்கு நல்ல வார்த்தையே வராதா?"

மெகா பிளாக், தண்டவாள வேலை, ரயில் குறைவு என்று சொல்லி நாலு மணிக்கே கிளம்பிவிட்டான். அப்பாவைத் தூக்கி, துடைத்து, உட்காரவைப்பவன் நான். நம்பிக்கை தருகிறவன் அவன்!

பயிற்சி நின்றால் விரல்கள் இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். மாலையில் ரப்பர் பந்தை அப்பா கையில் வைத்தேன். இடது கையால் தட்டிவிட்டார்.

"தானா வந்துடும்டா."

பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. காலையில் நான்தான் குனிந்து எடுக்க வேண்டும்.