பத்து மோட்டாரும் ஒரு கையெழுத்தும்

ஜனவரி 9

என் அக்கா பெற்ற அருமை மகளுக்கு, மாமா ஆசிகளோடு எழுதுவது.

வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறேன்: இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீயும் நம்பாதே. நம்பினால் என் கௌரவம் என்ன ஆவது?

ஆறு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது என் இரண்டு காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். இப்போது பக்கத்தில் மலையே இடிந்து விழுந்தாலும் தூசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பம்பு மோட்டார் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக நான் ராஜ்யம் நடத்திய சோதனை மேஜை ஞாபகம் இருக்கிறதா? ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவேன். போன வாரம் மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். "என் சொந்த விருப்பத்தின் பேரில் வாசல் காவலுக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எனக்காக அவரே உருகி உருகி எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

லாரிக்காரர் ஹாரன் அடித்தால் காதில் விழுந்தே தீரவேண்டிய இடம் தொழிற்சாலையில் ஒன்றே ஒன்றுதான். அது வாசல்!

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக மாற்றுத்திறனாளிகள் வேலை உதவி மையத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் நாலாயிரம் பேர். (சரி, நாலு பேர்.) அங்கே இருந்த அதிகாரி அம்மா சக்கர நாற்காலியில் ஒரு சுழற்று சுழன்று வந்தார். அந்த இடத்திலேயே சக்கரவர்த்தினி என்று பட்டம் சூட்டிவிட்டேன். காகிதத்தைப் படித்துவிட்டு நோட்டில் எழுதிக் காட்டினார்: "இது உங்க விருப்பமா?"

"என் விருப்பம் மகாராஜா ஆவது" என்றேன்.

"அந்த வேலை எங்ககிட்ட காலி இல்ல. உங்க பழைய மேஜைக்கு வேணா சண்டை போடலாம்" என்று எழுதினார். எனக்கு உயிர் வந்தது.

உன் மாமா,
சோதனை மேஜைச் சிம்மாசனாதிபதி


ஜனவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாசல் காவல் வந்ததும் அழுதாள். நாலாயிரம் பேர் வந்ததும் அழுதுகொண்டே சிரித்தாள். மாடி அறையைக் காலி செய்து கட்டில் போட்டாயிற்று. "உழைச்சது போதும், தம்பியை இங்க வரச் சொல்லுடி" என்று தினமும் என்னைத்தான் பிடுங்குகிறாள்.

எனக்கு ஒரு குறை மாமா. உங்கள் கடிதத்தில் நிஜத்தைச் சல்லடை போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா? அதையாவது பொய் கலக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 2

கோபக்கார மகளுக்கு,

போடவில்லை. காகிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது.

சக்கரவர்த்தினி நேரில் வந்து மேனேஜரோடு பெரும்போர் புரிந்தார். என்னிடம் சொல்வதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வாயால் ஒரு மணி நேரம் முழங்குகிற மனுஷன், பேனாவைக் கையில் கொடுத்ததும் ஒரு வரிக்குச் சுருங்கிப்போனார். அடுத்தது, தீ அபாய மணி அடித்தால் எனக்குத் தெரிய மேஜைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு.

எலக்ட்ரீஷியன் வந்து மாட்டினார். மறுநாள் பத்தரைக்கு விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது. புயலாகப் பாய்ந்தேன். வழியில் இருந்த இரண்டு பேரை அள்ளி அணைத்து வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். அவர்கள் கையில் டீ கிளாஸ்! சாயங்காலம் மூன்றரைக்கு மறுபடியும் மின்னல், மறுபடியும் பாய்ச்சல். மூன்று நாளில் ஆறு தடவை தொழிற்சாலையைத் தீயிலிருந்து காப்பாற்றினேன். அப்புறம்தான் தெரிந்தது, விளக்கை டீ மணியோடு இணைத்துவிட்டார் என்று.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மேனேஜர் சிரிக்கவில்லை. "பாதுகாப்புக்குத் தகுதியற்றவர்" என்று எழுதிவிட்டார். பதினான்காம் தேதி பத்து மோட்டாரை ஓடவிட்டு என்னைச் சோதிப்பாராம். தவறினால் வாசல்.

கவலைப்படாதே. மோட்டார் உடம்பில் விரல் நுனியை வைத்தால் அதிர்வே சொல்லிவிடும். பத்தும் சொல்வேன், இல்லாத பதினொன்றாவதையும் சொல்வேன்!

மாமா


பிப்ரவரி 8

மாமாவுக்கு,

முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது, உங்கள் மேல்தான். விளக்கைத் தப்பாக மாட்டியவருக்கு ஒன்றுமில்லை, அதை நம்பி ஓடியவருக்கு வாசலா? ஏன் கேட்கவில்லை?

பத்துக்குப் பத்து என்று எதற்கு மார் தட்டுகிறீர்கள்? காது கேட்கிறவர்கள் எல்லாம் பத்துக்குப் பத்து சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறார்களா? அவர்களை யார் சோதிக்கிறார்கள்? வித்தை காட்டினால்தான் மேஜை என்றால், வித்தை தவறுகிற அன்றைக்கு மேஜையும் போய்விடும். சக்கரவர்த்தினியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

அம்மா மெத்தையும் வாங்கிவிட்டாள். நீங்கள் வந்துவிடக் கூடாது என்று அதன்மேல் துவைத்த துணியெல்லாம் மலை மாதிரி குவித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்


பிப்ரவரி 15

என் கண்ணே,

நேற்று பத்து மோட்டாரும் ஓடின. நான் விரல் வைத்ததும் ஒவ்வொன்றும் பிறந்த தேதியிலிருந்து தன் கதையை ஒப்பித்தது. பத்துக்குப் பத்து! எலக்ட்ரீஷியன் மயங்கி விழுந்தார். மேனேஜர் நாற்காலி மேல் ஏறி நின்று சல்யூட் அடித்தார். பிறகு இறங்கி வந்து, தான் எழுதிய காகிதத்தைத் தானே நாற்பது துண்டாகக் கிழித்து, டீயில் தொட்டுத் தின்றார்.

இப்போது நடந்ததைக் கேள்.

ஏழுதான் சரியாகச் சொன்னேன். மேனேஜர் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு எரிந்தது. சக்கரவர்த்தினி உன் கடிதத்தை முன்பே படித்திருந்தார். விளக்குக் கூத்துக்குப் பிறகு என் மேஜையில் உட்கார வைத்திருக்கிற, காது கணீரென்று கேட்கிற சோதனைக்காரரைக் கூப்பிட்டு, அதே பத்தை அவருக்கும் வைக்கச் சொன்னார். மேனேஜர் ஏகமாகத் தலையாட்டி மறுத்தார். "மறுப்பை எழுத்தில் கொடுங்க" என்று எழுதிச் சக்கரவர்த்தினி நோட்டை நீட்டினார். மறுப்பு போன இடம் தெரியவில்லை.

அவரும் ஏழு. அதிலும் நான் சரியாகச் சொன்ன இரண்டை அவர் கோட்டை விட்டிருந்தார்.

சக்கரவர்த்தினி பெரிய எழுத்தில் எழுதி எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்: "இவரையும் வாசலுக்கு அனுப்பப் போறீங்களா சார்?"

மேனேஜர் பேனாவை எடுத்தார், வைத்தார், எடுத்தார். கடைசியில் எழுதினார்: "விளக்கை மாத்தச் சொல்றேன். ரெண்டு பேரும் அந்த மேஜையிலேயே உக்காருங்க. எதுக்கும் அந்தக் காகிதத்துல ஒரு கையெழுத்து போட்டு வைங்க. ஃபைல்ல சும்மா இருக்கட்டும்."

பையிலிருந்து எடுத்து விரித்தேன். அவரே தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

மேலே அளந்த மகா புளுகில் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை, மகளே. காகிதம் கிழிந்தது. நாற்பதாக இல்லை, இரண்டாக. கிழித்தது மேனேஜரும் இல்லை.

உன் மாமா,
சோதனை மேஜை, இடது பக்க நாற்காலி