என் மரணத்துக்குப் பத்தொன்பது மதிப்பெண்

அனுப்புநர்:
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர்,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
மேல்நிலைக் கல்விப் பிரிவு.

பொருள்: ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி எழுதிய என் மகளின் அகமதிப்பெண்ணை ரத்து செய்தது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த வாரம் பெற்றோர் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். மகளின் தோழியுடைய தாயார், மருந்துக்கடைக்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சித்தியா? பெத்தவ இல்லாத குறையே தெரியாம வளர்த்திருக்கீங்க" என்று கண் கலங்கினார். நான்தான் பெற்றவள் என்றேன். அவர் கையை விட்டுவிட்டு அறிவிப்புப் பலகையைக் காட்டினார். "என்னை மாற்றிய ஒரு நாள்" என்ற தலைப்பில் என் மகள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை, முதல் பரிசு முத்திரையுடன் அங்கே ஒட்டப்பட்டிருந்தது. நான் இறந்த விதத்தை நின்றுகொண்டே படித்தேன். மழை பெய்கிறது. மருத்துவமனையில் என் கை சில்லிட்டுப் போகிறது. இருபதுக்குப் பத்தொன்பது.

2. வீட்டுக்கு வந்து கேட்டேன். பையிலிருந்து இன்னொரு கட்டுரைத் தாளை எடுத்து நீட்டி, "நீ உயிரோட இருந்தா ஆறு மார்க்குதாம்மா. செத்தாதான் பத்தொன்பது" என்றாள். சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

3. அவள் சொன்னது உண்மை. அதே தலைப்பில் அவள் முதலில் வேறொன்று எழுதியிருந்தாள். ஒருநாள் எங்கள் கடையில் வாடிக்கையாளர் ஒருவர் என்னை எல்லார் முன்னிலையிலும் திட்டியபோது, அங்கு வந்திருந்த அவள் என்னைத் தெரியாதவள்போல விலகி நின்றதையும், பேருந்தில் வேறு இருக்கையில் உட்கார்ந்ததையும், அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவே கூசியதையும் எழுதியிருந்தாள். அவள் விலகி நின்றதை அன்றே கவனித்தேன். வயசுப்பிள்ளை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதை அவள் இத்தனை நாள் மனதில் போட்டுப் புழுங்கியிருக்கிறாள் என்பது அந்தக் கட்டுரையைப் படித்தபோதுதான் தெரிந்தது. அதன்கீழ், கட்டுரைப் பயிற்சி கொடுக்கும் பயிற்றுநர், "சம்பவம் சிறியது. ஆழமில்லை" என்று எழுதி ஆறு மதிப்பெண் இட்டுள்ளார். என் சாவைப் படித்தபோது வராத அழுகை இதைப் படித்தபோது வந்தது.

4. கட்டுரை எழுதும் திறனை வளர்க்கவென்றே பள்ளி இந்தப் பயிற்றுநரை அமர்த்தியது. முதல் பத்தியில் மழை, இரண்டாவதில் இழப்பு, மூன்றாவதில் பாடம் என்பது அவர் கற்பித்த முறை. ஒரு மாணவன் தாத்தாவை இரண்டு முறை சாகடித்திருக்கிறான். இன்னொருத்தி, வளர்க்காத நாய்க்காக ஒன்றரைப் பக்கம் அழுதிருக்கிறாள். இந்த ஆண்டு அந்த வகுப்பில் செத்தவர்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு தெருவே காலியாகியிருக்கும்.

5. மனம் ஓரிடத்தில் நிற்காமல் மறுநாளே தலைமையாசிரியரிடம் சென்றேன். பிள்ளைகளுக்கு இப்படிக் கற்பிக்கலாமா என்று கேட்கத்தான் போனேன். அவரோ பொய் எழுதியதாக என் மகள்மேல் மட்டும் நடவடிக்கை எடுத்து, ஆங்கில அகமதிப்பெண்ணைச் சுழியமாக்கிவிட்டார். பயிற்றுநரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிப்ட் பழுதுபார்க்கும் என் கணவர், "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டியே" என்கிறார். அவரும் தூங்குவதில்லை. கடையில் நேற்று இரண்டு லென்சுகளை இடம் மாற்றிப் பொருத்திவிட்டேன். மகள் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். அந்த மதிப்பெண் இல்லாமல் அவள் விரும்பும் கல்லூரியில் விண்ணப்பிக்கவே முடியாது.

6. அவள் செய்தது தவறு இல்லை என்று வாதாட வரவில்லை. உயிரோடிருப்பவளைக் கொன்றது தவறுதான். அதை அவளும் ஒப்புக்கொள்கிறாள். ஆனால் உண்மைக்கு ஆறும் பொய்க்குப் பத்தொன்பதும் கொடுத்தது அவள் அல்ல.

7. ஆகவே, அவளுடைய முதல் கட்டுரையை வேறோர் ஆசிரியரைக் கொண்டு திருத்தி, அதற்குரியதைக் கொடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். குறைவாக வந்தாலும் ஏற்றுக்கொள்வோம். பயிற்சி வகுப்பில் பிள்ளைகள் எழுதியதைப் படித்து, "அப்புறம் என்ன ஆச்சு? அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கும் ஒருவர் இருந்தால் போதும், மழையும் மருத்துவமனையும் தேவைப்படாது. பலகையில் இருக்கும் கட்டுரையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் என்னைத் தெருவில் பார்த்தால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்.

8. கடைசியாக ஒன்று. திங்கட்கிழமைக்குள் மகள் மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் தேர்வெழுத விடமாட்டோம் என்கிறார்கள். அதற்கும் ஒரு மாதிரிக் கடிதத்தைப் பயிற்றுநரே எழுதிக் கொடுத்தனுப்பியுள்ளார். பெயர் எழுத இடம் மட்டும் விட்டிருக்கிறார். "இதையும் பாத்து எழுதினா, அப்புறம் நான் எப்பம்மா சொந்தமா எழுதுவேன்?" என்று கேட்டு அவள் அதைத் தொட மறுக்கிறாள். அவள் மன்னிப்புக் கேட்பாள், ஐயா. அதைத் தன் சொந்த வார்த்தைகளில் கேட்க அனுமதி மட்டும் தாங்கள் வாங்கித் தர வேண்டும்.

தங்கள் பதிலை வாசலிலேயே எதிர்பார்த்து நிற்கும்,
(ஒப்பம்)
மாணவியின் தாய்

இடம்: கண்ணாடிக் கடை, மதிய இடைவேளை
நாள்: வெள்ளிக்கிழமை