குறை சொல்லாத குழு

மார்ச் 4, செவ்வாய்

கை நடுங்குகிறவர்களுக்கான குவளை. புதிய மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்துக் கூரியரில் அனுப்பியிருந்தோம். இன்று வீடியோவில், எங்கள் மாதிரிகளைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்லும் குழுவினர் எல்லாரும் அதில் தண்ணீர் குடித்துக் காட்டினார்கள். தையல்கார அக்கா மறுபடியும் ஆரம்பித்தார்: "கைப்பிடி வழுக்குதும்மா. போன தடவையும் இதைத்தான் சொன்னேன்." எனக்கு எரிச்சல். மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னேன் —

எழுதவே கை வரவில்லை.

"இவங்களுக்குக் குவளை எதுக்கு? ஊட்டிவிட ஒரு ஆள் வச்சா போதும்."

மைக் அணையவில்லை. திரையில் அத்தனை முகங்கள். அக்கா குவளையைக் கீழே வைத்தார். கொஞ்சம் சிந்தியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே, "சரிம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் என்ன செய்தேன்? அடுத்த படத்தைத் திரையில் போட்டேன். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 5

கணவரிடம் சொன்னேன். பரவாயில்லை விடு என்பார் என்று எதிர்பார்த்தேன். "எங்கம்மா அந்தக் குழுவுல இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மார்ச் 10

செயலியில் குழுவின் மதிப்பீடு வந்துவிட்டது. எல்லாரும் ஐந்து நட்சத்திரம். எதைக் கொடுத்தாலும் பக்கம் பக்கமாகத் திட்டுகிற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்கூட "அருமை. நன்றி" என்று முடித்துக்கொண்டார். நன்றியாம். செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஒருவழியா பிடிச்சிருச்சு. வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு வார்ப்பு அச்சு செய்யக் கொடுத்துடலாம்." அச்சு செய்துவிட்டால் அப்புறம் எதையும் மாற்ற முடியாது. அந்தக் கைப்பிடி வழுக்கும், எனக்குத் தெரியும். வெந்நீரை யாராவது மடியில் கொட்டிக்கொள்வார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 11

கோழை.

மார்ச் 12

மேலாளரிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன், அந்த ஐந்து எப்படி வந்தது என்று. வேலையை விட்டுப் போகணும்னா போறேன் என்றும் சொன்னேன். "போறதெல்லாம் அப்புறம். முதல்ல அவங்ககிட்ட பேசு. அச்சை ஒரு வாரம் நிறுத்தி வைக்கிறேன்."

மார்ச் 13

பேசினேன். மனப்பாடம் செய்து வைத்த மன்னிப்பு பாதியிலேயே மறந்துபோனது. "பயந்துக்கிட்டு நல்லா இருக்குன்னு போடாதீங்க" என்றேன்.

ஓட்டுநர் குறுக்கிட்டார். "பயமெல்லாம் இல்லம்மா. எங்களால உங்களுக்குத் தொந்தரவு. எதுக்கு இன்னும் படுத்தணும்னு விட்டுட்டோம்."

அய்யோ. அவர்கள் முன்னாலேயே அழுதுவிட்டேன். தையல்கார அக்கா கேமராவை அணைத்தார்.

மார்ச் 17

யாரும் மதிப்பீட்டை மாற்றவில்லை. நாளை மறுநாள் கெடு முடிகிறது. எந்த முகத்தோடு மறுபடி கேட்பது?

மார்ச் 18

அக்காவிடமிருந்து வீடியோ. முகம் இல்லை, கை மட்டும். குவளையைத் தூக்குகிறார், நழுவுகிறது, மேசையெல்லாம் தண்ணீர். "பாத்தியா? எத்தனை தடவ சொல்றது? இந்தத் தடவையாவது காதுல வாங்கு." மன்னித்தேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஒரே ஒரு நட்சத்திரம்.

மேலாளர் பார்த்துவிட்டு அச்சு வேண்டாம் என்று தகவல் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டுநர் குவளையின் மூடியையும் சேர்த்துத் திட்டியிருக்கிறார். மூடியைப் பற்றி இதுவரை எங்களிடம் யாரும் வாயே திறந்ததில்லை.