சுண்ணாம்புக்குள் இருந்த மாதா

பூந்தமல்லி, 1931. தவக்காலத்துச் சனிக்கிழமை, இரவு.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு திருநாளுக்கு முன் கோயிலுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்று பங்குக் குருவான சுவாமி உத்தரவிட்டிருந்தார். பீடத்துத் துணிகளை எடுத்து வைக்கலாம் என்று மதியம் போனேன். கொத்தனார் காசிம் பாய் சாரத்தில் நின்று, பீடத்துக்குப் பின்சுவரில் உப்பியிருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சட்டென்று கையை நிறுத்தினார்.

"டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க. அடியில நீலமா இன்னாவோ கீது."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டேன். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தோம். முதலில் நீல முக்காடு தெரிந்தது. பிறகு நெற்றி, அப்புறம் ஒரு கண். சுவரில் தீட்டிய மாதாவேதான். பத்து வருஷமாக வெறும் சுவர் என்று நினைத்தா இதன் முன்னால் முழந்தாளிட்டேன்?

"இதும்மேல சுண்ணாம்பு அடிக்க எனக்குக் கை வராதும்மா," என்றார் பாய்.

அந்த நேரம் பார்த்து சுவாமி உள்ளே வந்தார். வேலை நின்றிருப்பதையும், சாரத்தின் மேல் நான் நிற்பதையும் பார்த்தார். ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"டீச்சர், கொஞ்சம் நகந்து எனக்கும் எடம் குடுங்க."

இருட்டும் வரை மூவரும் துடைத்தோம். இனி அந்தச் சுவருக்கு வெள்ளை கிடையாது என்று சுவாமியே சொல்லிவிட்டார். நாளை ஞாயிறு, வேலை இல்லை. பூசைக்கு வருகிறவர்கள் பாதி ஓவியத்தைத்தான் பார்ப்பார்கள். மாதாவின் கை குழந்தையை ஏந்தினாற்போல் மடங்கியிருக்கிறது. குழந்தை இன்னும் சுண்ணாம்புக்குள்ளேயே இருக்கிறது. திங்கட்கிழமை வரை எப்படிப் பொறுத்திருப்பேன்?