வல்லாரை மாதிரி ஒன்று

7 மே 1994, சனி. வின்டர்தூர், சுவிஸ்

தூறல். குளிர் விட்டபாடில்லை. வசந்திக்கு நாலாம் மாதம். எதைச் சாப்பிட்டாலும் சத்தி எடுக்கிறாள். நிறை இன்னும் குறைந்திருக்கிறதாம், டொக்டர் அம்மா முகத்தைச் சுளித்தார். என்னைக் கலியாணம் முடித்துத் தையில் ஊரிலிருந்து வந்திறங்கியவள். எதைக் கேட்டாலும் "ஓம்", "இல்லை"தான்.

இன்று வற்புறுத்தியதும், "வல்லாரைச் சம்பல் எண்டா ரெண்டு வாய் சாப்பிடுவன்." இவளிடம் நான் கேட்ட மிக நீளமான வசனம். ஓர்லிகோன் தமிழ்க் கடைக்கு ஓடினேன்.

"முடிஞ்சுது அண்ணை. எப்ப வருமெண்டு தெரியாது."

11 மே, புதன்

வெயில்! வேலை முடிந்து வரும்போது பின்சுவர் வெடிப்பில் வட்ட இலைகள், விளிம்பெல்லாம் வளைவு வளைவாய். வல்லாரையேதான். கை நிறையப் பிடுங்கினேன். தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய், எல்லாம் தயார்.

வசந்தி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். காம்பைத் தடவினாள். "இதில சுணை இருக்கு. வல்லாரை மழமழவெண்டல்லோ இருக்கும்? கொடி ஓடியிருந்ததோ?"

இல்லை. எல்லா இலையும் ஒரே அடியிலிருந்துதான். அதற்காக விடுவேனா? ஒன்றை வாயில் போட்டு மென்றேன். படிகாரம் போலத் துவர்ப்பு.

"துப்புங்கோ!" என் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள். பகலில் தேத்தண்ணீர் தரும்போது விரல்கூடப் படாமல் தருபவள். "உங்களுக்கு ஒண்டு நடந்தா எனக்கு இஞ்ச ஆர் இருக்கினம்?" அழுதேவிட்டாள்.

எனக்குப் பயம். சந்தோஷமும். வெட்கங்கெட்டவன்.

ஒன்றும் ஆகவில்லை. மிச்சம் குப்பையில். "பூக்கட்டும். பூவைப் பாத்தாத் தெரியும்" என்றாள்.

22 மே, ஞாயிறு

நீளத் தண்டு, நுனியில் மொட்டு. வசந்தி தினமும் கீழே போய்ப் பார்க்கிறாள், கையில் பாண் துண்டோடு. அங்கே நின்றால் கொஞ்சம் இறங்குகிறதாம். நானும் பக்கத்தில். எதிர்வீட்டு நாயைப் பற்றிக் கதைக்கிறாள். பிள்ளைக்குப் பெயர் பற்றிக் கதைக்கிறாள். பெண்தானாம்.

28 மே, சனி

பூத்துவிட்டது. ஒல்லித் தண்டில் சின்னச் சின்னச் சிவப்பு மணிகள்.

"வல்லாரைப் பூ இலைக்குக் கீழ ஒளிச்சிருக்கும். இது ஊருக்கே காட்டிக்கொண்டு நிக்குது!" வசந்திக்குச் சிரிப்பு.

கீழ்வீட்டு அம்மாவும் எட்டிப் பார்த்தார். பூர்பூர்க்லோக்லி என்றார், சிவப்பு மணிப்பூவாம். அழகுக்கு வளர்ப்பதாம், சமையலுக்கில்லையாம். தன் தோட்டத்து விதை பறந்து வந்து தானாக முளைத்திருக்கும் என்றார்.

மத்தியானம் கடையில் வல்லாரை வந்திருந்தது. சம்பல் போட்டேன். இரண்டு வாய் என்ன, ஒரு தட்டே சாப்பிட்டாள். கொஞ்ச நேரம்தான். அத்தனையும் வெளியே. நெற்றியைத் தாங்கிக்கொண்டு நின்றேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சம்பல் இன்னும் கிடக்கோ?"

கிடந்தது.