மூன்று தாழ்ப்பாள்கள்

என்னவருக்கு,

நான் நலம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரையை மறக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான்.

ஓய்வுக்காலத்தை இந்த நாட்டில் கழிக்க முடியுமா என்று பார்த்துவர என்னை முன்னால் அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. முதலில் செலவு. வாடகை, கரண்ட், சாப்பாடு எல்லாம் போக உங்கள் பென்ஷனில் கொஞ்சம் மிஞ்சவே செய்யும். அங்கே மாதக் கடைசியில் என் வளையலை நாம் இருவரும் பார்க்காத மாதிரி பார்ப்போமே, அந்த நிலை இங்கே வராது.

இனி பாதுகாப்பு. "ஆத்திர அவசரத்துக்கு அங்க யாரு இருக்கா?" என்று விமானம் ஏறும்வரை கேட்டீர்கள். ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்துவிட்டேன். கோபப்படாமல் படியுங்கள். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. காலையில் என் ஜன்னல் திறக்காததைக் கவனித்த கீழ்வீட்டுத் தையற்காரி மேலே ஓடிவந்தாள். உள்ளே வரத்தான் முடியவில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய மூன்று தாழ்ப்பாள்களையும் வரிசையாகப் போட்டிருந்தேனே! ஆயுள் முழுக்கத் தீயணைப்பு வண்டியில் போய் ஊரார் கதவை உடைத்தவர் சொல்கிற யோசனையா இது? சொன்னபடி மாட்டிவைத்த எனக்கும் வெட்கம்தான். தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கதவைப் பெயர்க்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அவள் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். அவள் பாஷை எனக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் தெம்பாக இருந்தது.

மருத்துவமனையில் எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்றார்கள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் கண்ணுக்கு எதுவும் தப்புமா? ஊசி போடும் முன் கை கழுவினார்கள். கட்டணத்தை முதலிலேயே சொன்னார்கள். இப்போது நன்றாக நடக்கிறேன். புதுக் கதவில் தாழ்ப்பாளே இல்லை, பூட்டு மட்டும்தான். இன்னொரு சாவி தையற்காரியிடம் இருக்கிறது.

வீட்டு உரிமையாளர் இந்த மாதத்துக்குள் ஒரு வருட ஒப்பந்தம் போடச் சொல்கிறார். நீங்கள் வரமாட்டேன் என்றால் நான் திரும்பிவிடுவேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அன்று தரையில் கிடந்தபோது இது அந்நிய நாடு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. உங்களை இன்னொரு தரம் பார்க்காமல் போய்விடுவேனோ என்றுதான் அழுதேன்.

வந்துவிடுங்கள். பயமாக இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து பயப்பட்டுக்கொள்ளலாம்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரைத் தினமும் தொந்தரவு செய்யும்,
உங்கள் மனைவி