ஒன்பதை ஐந்தாக்கிய கேள்வி

அக்கா,

இன்று காலை அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பிளவுஸை எடுத்தேன். நீங்கள் தைத்துக் கொடுத்தது. அதற்கான புடவையை நான் கட்டுவதே அபூர்வம் என்பதால் இன்னும் தண்ணீர் படாமல் இருந்தது. உள்பக்கம் திருப்பினால், தையலை ஒட்டி உங்கள் நீலச் சாக்பீஸ் கோடு அழியாமல் அப்படியே நின்றது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கோட்டின் மேல் விரல் படாமல் பிளவுஸைப் போட்டுக்கொண்டு மதிப்பீட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பினேன்.

இந்தக் கடிதத்தை உங்களால் படித்திருக்க முடியாது. இங்கே புனேயில், போபோடியில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவர் நீங்கள். தமிழ் உங்களுக்குப் பேச்சோடு சரி. இருந்திருந்தால் உங்கள் தையல் கடைக்கு வந்து வாசித்துக் காட்டியிருப்பேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டிருப்பீர்கள்.

நாம் முதலில் பார்த்தது அந்தக் கூட்ட அறையில்தான். சுகாதார ஆராய்ச்சி செய்யும் குழுக்கள் நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களை, அதே துறையில் இருக்கும் வெளியாட்கள் சிலர் முதலில் படித்துக் குறைநிறை எழுதுவார்கள். பிறகு எங்களைப் போன்ற பதினைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவோம். அதில் என் வேலை கணக்கு. எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள், அந்த எண்ணிக்கை போதுமா என்று பார்ப்பவள் நான். அந்த ஆண்டுதான், நோயை அனுபவித்த ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும் என்று நிதி தரும் அமைப்பு முடிவு செய்திருந்தது. முப்பது வயதில் உங்களுக்குக் காசநோய் வந்து குணமானது. அதன் பிறகு உங்கள் சந்தில் யாருக்கு அந்த நோய் வந்தாலும் நீங்கள்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போவீர்கள். அந்தக் கிளினிக் டாக்டர் உங்கள் பெயரைக் கொடுத்திருந்தார்.

கடைசி நாற்காலியில் உட்கார்ந்து போனில் மகளிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் எழுந்து வந்து, "நீங்க தமிழுங்களா?" என்று கேட்டேன். கோயம்புத்தூர்ப் பேச்சு பத்தொன்பது வருடப் புனே வாழ்க்கையிலும் என்னை விடவில்லை. நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"ஆமா மேடம். ஒண்ணு சொல்லுங்க, என்னை இங்க ஏதுக்குக் கூப்ட்டாங்க? ஃபோட்டோக்கா?"

உங்கள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே கட்கியில் இருக்கும் தொழிற்சாலை வேலைக்கு வந்தபோது கொண்டுவந்த தமிழ் அது. உண்மையில் ஃபோட்டோவுக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அன்று முதல் நான் உங்களுக்கு மேடம், நீங்கள் எனக்கு அக்கா. பிறகொரு நாள் பேச்சுவாக்கில் கணக்குப் போட்டதில் நான்தான் ஒரு வயது மூத்தவள் என்று தெரிந்தது. இருவருமே மாற்றிக்கொள்ளவில்லை.

விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். உங்களுக்கென்று மராத்தியில் இரண்டு பக்கச் சுருக்கம் அனுப்புவார்கள். அந்த மராத்தி உங்களுக்கே புரியவில்லை என்று சொன்னதால், அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் உங்கள் கடைக்கு வர ஆரம்பித்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் மட்டும் சொல்வேன். என் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்டதில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. ரத்தம் எடுக்கும்போது சாப்பிட்டு வரலாமா, சாப்பிடாமல் வர வேண்டுமா? மருந்து வாங்க வருபவர் எங்கே உட்காருவார்? முப்பது பக்க விண்ணப்பத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்காது. இல்லை என்பதையே நான் அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டாவது கூட்டத்தில் அந்த விண்ணப்பம் வந்தது. காசநோய் வந்தவர்களின் வீட்டில் மற்றவர்களுக்கும் நோய் பரவுகிறதா என்று இரண்டு வருடம் தொடர்ந்து பார்க்கும் ஆராய்ச்சி. தலைமை ஏற்றிருந்தவர் துறையில் எல்லோரும் மதிக்கும் டாக்டர். வெளியிலிருந்து எழுதிய மூவரும் புகழ்ந்திருந்தார்கள். கணக்கு கண்ணாடி மாதிரி இருந்தது, நான் ஒன்பது போட்டிருந்தேன். எங்கள் தலைவர் அடுத்ததற்குப் போகலாமா என்று கேட்டபோது நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

இந்தியில்தான் பேசினீர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஊழியர் வாராவாரம் ஆராய்ச்சி வண்டியில் வீட்டுக்கு வருவார் என்று எழுதியிருக்கிறதே, அந்த வண்டி சந்தில் நின்றால் யார் வீட்டில் என்ன நோய் என்று தெருவுக்கே தெரிந்துவிடாதா என்று கேட்டீர்கள். கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண் கதவைத் திறப்பாளா என்று கேட்டீர்கள். பிறகு, யாரும் கேட்காமலே, உங்கள் கதையைச் சொன்னீர்கள். ஆறு மாத மாத்திரையையும் கடையில் பட்டன் டப்பாவுக்குள் வைத்து விழுங்கியதை. மாமியாருக்குக் கடைசிவரை தெரியாது என்பதை. உங்கள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிளவுஸ் அளவு சொல்வது போலச் சொன்னீர்கள்.

தலைவர் நல்ல மனிதர். இது நடைமுறை விஷயம், நிதி கொடுத்த பிறகு அவர்களே சரி செய்துகொள்வார்கள் என்றார். இன்னொருவர், நாம் இங்கே பார்க்க வேண்டியது அறிவியலை, சமூகப் பிரச்சினையை அல்ல என்றார். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

நான் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வியந்த கணக்கு முழுவதும் ஒரே ஒரு வரியின்மேல் நின்றது: பத்தில் ஒன்பது வீடுகள் கடைசிவரை ஒத்துழைக்கும். எங்கிருந்து வந்தது அந்த ஒன்பது? ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை வைத்துச் செய்த பழைய ஆராய்ச்சியிலிருந்து. வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் அதில் யாருமில்லை. நான் அதைப் படித்தேன், டிக் போட்டேன், தாண்டிப் போனேன்.

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. எட்டு வருடமாக அந்த மேசையில் கணக்கு பார்ப்பவள் என்று பெயர் வாங்கியவள் நான். ஆனாலும் மைக்கை அழுத்தினேன்.

"இது சமூகப் பிரச்சினை இல்லை. கதவு திறக்கவில்லை என்றால் இந்தக் கணக்கே விழுந்துவிடும். நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. என் ஒன்பதை ஐந்தாக மாற்றுகிறேன்."

பிறகு ஒருவர் ஏழு என்றார், இன்னொருவர் ஆறு. அந்த முறை விண்ணப்பத்துக்கு நிதி கிடைக்கவில்லை. தேநீர் இடைவேளையில் ஒரு பேராசிரியர் என்னிடம், ஒரு தையல்காரம்மா பேச்சைக் கேட்டு மதிப்பெண்ணை மாற்றுவதா என்று மெதுவாகக் கேட்டார். அந்தத் தையல்காரம்மா கேட்டதால்தான் மாற்ற முடிந்தது, நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன் என்றேன். இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

விண்ணப்பித்தவர்களுக்குக் குழுவின் கருத்தை எழுதி அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. உங்கள் கேள்வி என்பதால் உங்களிடமே வாசித்துக் காட்டினேன். இல்லங்களில் ஏற்புத்தன்மை குறித்துப் போதுமான பரிசீலனை இல்லை என்று எழுதியிருந்தேன். இதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டீர்கள். விளக்கினேன். ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தீர்கள்.

"திட்றதுன்னா திட்டிடுங்க மேடம். ஆனா நாளைக்குக் காலைல எழுந்து அவங்க இன்னா செய்யணும், அத்த ஒரு லைன் எழுதுங்க. சும்மா நல்லால்லன்னு சொன்னா யாருக்கு ஃபாய்தா, இன்னா லாபம்?"

முழுவதையும் அடித்துவிட்டு எழுதினேன். நோயாளிகளின் வீடு இருக்கும் சந்துகளுக்குப் போய், ஆராய்ச்சி ஊழியரை எங்கே சந்திக்க விரும்புவார்கள் என்று அவர்களையே கேளுங்கள். வந்த பதிலை வைத்துத் திட்டத்தையும் கணக்கையும் மாற்றி மறுபடி அனுப்புங்கள். அவ்வளவுதான். விண்ணப்பித்த டாக்டருக்கு முதலில் கோபம் என்று காதில் விழுந்தது. ஆனால் அவர் கேட்கப் போனார். போபோடிக்கும் வந்தார். கிளினிக்கில் விசாரித்தபோது, இதைப் பற்றிப் பேச ஒருவர்தான் இருக்கிறார் என்று உங்கள் கடையைக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் குழுவில் இருப்பது அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லவில்லை. சந்துப் பெண்கள் நான்கு பேரை வரவழைத்து, ஒரு பகல் முழுக்க அவரை முக்காலியில் உட்கார வைத்து, அவர்களைப் பேச வைத்திருக்கிறீர்கள்.

அதனால்தான் அடுத்த கூட்டம் அப்படி ஆனது. திருத்திய விண்ணப்பம் வந்தது. வண்டி இல்லை, கோட்டு இல்லை. கிளினிக், கடை, கோயில் வாசல், போன், எது வசதியோ அதை நோயாளியே சொல்லலாம். கணக்கில் பத்துக்கு ஏழு வீடுகள் என்று நேர்மையாகப் போட்டு, சேர்க்கும் ஆட்களைக் கூட்டியிருந்தார்கள். தலைவர் அதை எடுத்ததுமே நீங்கள் எழுந்து நின்றீர்கள். இவர்களுக்கு நான் யோசனை சொல்லியிருக்கிறேன், இதில் நான் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை. விஷயம் யாருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை. விண்ணப்பித்தவர்களோடு தொடர்பு இருந்தால் விலகிவிட வேண்டும், அறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதிகள் அச்சிட்ட தாளை நான் ஒரு முறை வாசித்துக் காட்டியிருந்தேன், அவ்வளவுதான். போன முறை தேநீர் இடைவேளையில் என்னைக் கேட்ட அந்தப் பேராசிரியர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்று போட்ட மதிப்பெண்ணை நான் இங்கே எழுத முடியாது. எழுதினால் நீங்களே கோபித்துக்கொள்வீர்கள்.

இருபது நிமிடம் கழித்து நான் வெளியே வந்தபோது, வராந்தா ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் கையைக் காட்டித் தடுத்தீர்கள்.

"சொல்லாதீங்க. லெட்டர் வர்ற அன்னிக்குத் தெரிஞ்சா போதும்."

சொல்லவில்லை. ஐந்து வாரம் சனிக்கிழமைதோறும் உங்கள் எதிரில் உட்கார்ந்து, பருத்தித் துணியின் விலையைப் பற்றியும் உங்கள் மகளின் ஹிஞ்சேவாடி ஐ.டி. வேலையைப் பற்றியும் பேசினேன். ஆறாவது வாரம் நீங்களே போன் செய்தீர்கள். நிதி கிடைத்துவிட்டது என்று அந்த ஆராய்ச்சி டாக்டர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி நீங்கள் செய்தியைச் சொல்ல, நானும் அப்போதுதான் கேட்ட மாதிரி சந்தோஷப்பட்டேன். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் என் வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஆராய்ச்சி இப்போது நடக்கிறது அக்கா. முதல் வருட அறிக்கையில், எதிர்பார்த்ததைவிட அதிக வீடுகள் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தார்கள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆடி மாதம், மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கிய கையோடு நெஞ்சு வலி வந்து போய்விட்டீர்கள். நான் கடைக்கு வந்தபோது, தைத்து முடித்த துணிகளை யார் யாருடையது என்று உங்கள் மகள் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையைவிட முதலில் வந்தது, உங்களுக்குப் பதில் இனி அந்த நாற்காலியில் யார் என்ற பதற்றம். இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

இப்போது கூட்டத்துக்கு நான்தான் தலைவர். ஒரே ஒரு வழக்கத்தை மாற்றினேன். நோயை அனுபவித்தவர்தான் முதலில் பேசுவார், எங்களைப் போன்றவர்கள் அதன் பிறகு. இப்போது வருபவர் ஆகுர்டியில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஊசி போட்ட கையை மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டு, மராத்தியில், நிதானமாகப் பேசுவார். இன்று அவர் கேட்ட ஒரு கேள்வியால், நான் ஆறு போட்டிருந்த ஒரு விண்ணப்பத்தை நாலாகக் குறைத்தேன். அவர் விளக்கிய பிறகு இன்னொன்றை எட்டாக்கினேன். இரண்டுக்கும் காரணத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

உள்ளங்கை வியர்க்கவில்லை அக்கா.